வாக்கெடுப்பு முடிந்தது, வழக்கு முடியவில்லை

கூட்டுறவுச் சங்கத்தில் சேர்வதற்கு ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அதிலிருந்து விலகுவதற்கும் அவ்வளவு உரிமை உண்டு. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அது கூட்டுறவு ஆகாது, கட்டாயமே ஆகும். ஆனால், சேரும்போது விண்ணப்பத்தில் ஒரு கையொப்பம் போதுமாயிருக்க, விலகும்போது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பங்குத் தொகை, கடன் பாக்கி, ஜாமீன் பொறுப்பு ஆகிய யாவற்றையும் காசு சுத்தமாகத் தீர்த்துவிடலாம். பேரேட்டில் ஏறாத பாக்கி ஒன்று மாத்திரம் நின்றுவிடும். அதற்கு மனத்தாங்கல் என்று பெயர். அதை வசூலிக்கவும் முடியாது. தள்ளுபடி செய்வதும் எளிதன்று.

நாடுகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் வாணிகக் கூட்டுகளுக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய நாடுகளின் கூட்டிலிருந்து பிரிட்டன் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் விலகியது. சட்டப்படி அன்றே விவகாரம் தீர்ந்தது. அந்நாட்டு மக்களின் உள்ளத்தில் அது இன்றும் தீர்ந்தபாடில்லை. ஏன் தீரவில்லை என்று ஆராய்வது சங்க அங்கத்தினராகிய நமக்குப் பெரிதும் பயன்படும் என்பது என் கருத்து.

"கடல் கடந்த நாட்டின் சச்சரவு நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் நகரில், ஆளுக்கு ஒரு பவுன் என 28 பவுன் முதல் திரட்டிய ஒரு சங்கத்தார் சிறிய கடை ஒன்றைத் திறந்தனர். அவர்களுள் கம்பளித் துணி நெய்யும் நெசவாளர் பலர் இருந்தனர். ஆளுக்கு ஒரு வாக்கு, யாவருக்கும் திறந்த கதவு, கொள்முதலுக்கு ஏற்ற ஆதாயப் பங்கீடு என்று நம் உபவிதிகளில் இன்றும் காணப்படும் கொள்கைகளுக்கு அந்தக் கடையே ஊற்றுக்கண். அதே ராச்டேலில், 2016-ஆம் ஆண்டு வாக்களித்தோரில் நூற்றுக்கு 60 பேர் ஐரோப்பியக் கூட்டைவிட்டு விலக வேண்டும் என்றனர். சில மைல் தொலைவிலுள்ள மான்செஸ்டரில் நூற்றுக்கு 60 பேர் விலகக் கூடாது என்றனர். இரண்டும் நூலாலும் நெசவாலும் வளர்ந்த ஊர்கள். கூட்டுறவின் தாய்வீட்டிலேயே "கூடி நிற்பதா, பிரிந்து நிற்பதா" என்ற வினாவுக்கு அடுத்தடுத்த ஊரார் நேர்மாறான விடை அளித்தனர் என்றால், அது நாம் கவனிக்கத் தக்க செய்தி அன்றோ?

சேர்ந்த வரலாறு

1957-இல் ரோமாபுரியில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் பொதுச் சந்தை ஒன்றை அமைத்தன. பிரிட்டன் முதலில் ஒதுங்கி நின்றது. பின்னர் 1961-இல் சேர விண்ணப்பித்தது. பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் 1963-இலும் 1967-இலும் குறுக்கே நின்று மறுத்தார். அவர் பதவியிலிருந்து விலகிய பிறகே, 1973 ஜனவரி 1-ஆம் நாள், பிரிட்டன் அங்கத்துவம் பெற்றது. 1975-இல் "தொடர்ந்து இருக்கலாமா?" என்று மக்களைக் கேட்டபோது, வாக்களித்தோரில் நூற்றுக்கு 67 பேர் இருக்கலாம் என்றனர்.

இக்கூட்டின் அடிப்படை விதி நம்மவர்க்கு எளிதில் விளங்கக் கூடியதே. அங்கத்தினர் நாடுகளுக்குள் சுங்க வரி கிடையாது; வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி விதிக்க வேண்டும்; எந்த அங்கத்தினரும் வெளியாருடன் தனியே வாணிக உடன்படிக்கை செய்துகொள்ளக் கூடாது. மத்திய சங்கத்தின் மூலம் விற்பதாக ஒப்புக்கொண்ட ஆரம்ப சங்கம், தனி வியாபாரியுடன் மறைவில் விலை பேசலாகாது என்பதைப் போன்றதே இது. 1993 முதல் இக்கட்டு மேலும் இறுகியது. சரக்கு மட்டுமன்றி முதலீடும் சேவைகளும் ஆட்களும் எல்லை தாண்டிச் செல்லலாம் என்றாயிற்று.

மனக்கசப்பு விலகிய நாளில் பிறந்தது என்று எண்ணுவது பிழை. சேர்ந்த நாளிலேயே அதற்கு வித்து ஊன்றப்பட்டது. பிரிட்டன் சேருமுன்னரே, 1970-இல், அங்கத்தினர் நாடுகளின் மீன்பிடி நீர்ப்பரப்பு யாவர்க்கும் பொது என்று பழைய அங்கத்தினர் ஆறு பேரும் விதி செய்துகொண்டனர். புதிதாகச் சேர்ந்த நாட்டின் மீனவர் அதனை மறக்கவே இல்லை. பின்னர் 2004-இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் எட்டு உட்படப் பத்து நாடுகள் ஒருங்கே சேர்ந்தன. அந்நாட்டுத் தொழிலாளர் உடனே வரலாம் என்று கதவைத் திறந்த மிகச் சில நாடுகளுள் பிரிட்டனும் ஒன்று. லிங்கன்ஷயரைச் சேர்ந்த பாஸ்டன் வட்டாரம் முட்டைக்கோசும் கிழங்கும் விளையும் பூமி. அங்கே அறுவடைக்கும் கட்டு கட்டுவதற்கும் அயல்நாட்டார் பெருவாரியாக வந்து குடியேறினர். பண்ணை உரிமையாளர்க்கு ஆள் கிடைத்தது. உள்ளூர்த் தொழிலாளிக்கோ கூலி ஏறவில்லை என்ற குறையும், வீடும் பள்ளியும் மருத்துவமனையும் போதவில்லை என்ற குறையும் வளர்ந்தன. அக்குறைகளில் எத்தனை உண்மை, எத்தனை மிகை என்பது வேறு. கேட்பார் இல்லாமற்போன குறை, மிகையாகவே வளரும். 2016-இல் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விலகுவதற்கு வாக்களித்தனர். நாட்டிலேயே அதுதான் உச்சம்.

கேட்ட கேள்வியும் கேளாத கேள்வியும்

2016 ஜூன் 23-ஆம் நாள் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. விலக வேண்டும் என்றோர் 1 கோடியே 74 லட்சம் பேர். இருக்க வேண்டும் என்றோர் 1 கோடியே 61 லட்சம் பேர். நூற்றுக்கு 51.9 என்றும் 48.1 என்றும் அமைந்தது கணக்கு. இங்கிலாந்தும் வேல்சும் விலக விரும்பின. ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேரும், வட அயர்லாந்தில் நூற்றுக்கு 56 பேரும் இருக்க விரும்பினர். முதியோரில் பெரும்பாலோர் ஒரு பக்கம். இளைஞரில் பெரும்பாலோர் மறு பக்கம். பெருநகரம் ஒரு பக்கம். தொழில் நலிந்த சிறு நகரம் மறு பக்கம். நாடு நடுவே பிளந்து நின்றது.

வாக்குச் சீட்டில் இருந்த வினா ஒன்றே: கூட்டில் இருப்பதா, விலகுவதா? விலகிய பின் எந்த நிலையில் நிற்பது என்ற வினா சீட்டில் இல்லை. நார்வேயைப் போல் அங்கத்துவம் இல்லாமல் சந்தையில் மட்டும் பங்கு பெறுவதா? சுங்க வரிக் கூட்டில் மட்டும் நிற்பதா? முற்றிலும் அறுத்துக்கொண்டு புது உடன்படிக்கை பேசுவதா? "விலகு" என்று வாக்களித்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஒவ்வொரு சித்திரத்தை வைத்துக்கொண்டு வாக்களித்தனர். வெற்றி கிடைத்தது ஒன்று. வென்றவர் நினைத்தது நூறு. இதுவே பின்னர் விளைந்த தொல்லைகளுக்கெல்லாம் ஆணிவேர் என்பேன்.

பிரசாரத்தில் உண்மையும் மிகையும் கலந்தே ஓடின. வாரந்தோறும் 35 கோடி பவுன் ஐரோப்பாவுக்குப் போகிறது, அதனை நம் மருத்துவத்துக்குச் செலவிடலாம் என்று சிவப்புப் பேருந்து ஒன்றில் எழுதி ஊர் ஊராக ஓட்டினர். திரும்பி வரும் பற்றினைக் கழிக்காமல் வரவை மட்டும் சொல்லும் கணக்கு அது. அரசாங்கப் புள்ளிவிவர ஆணையமே அது மக்களைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்கும் என்று கூறியது. மறு தரப்பாரோ, விலக முடிவு செய்த மறுநாளே பொருளாதாரம் சரிந்துவிடும் என்று அச்சுறுத்தினர். அதுவும் அவ்வாறு நிகழவில்லை. இவ்விரண்டும் பிற்காலத்தில் "பொய்யர்கள்" என்று ஒருவரை ஒருவர் ஏசுவதற்கு மாளாத சரக்காயின.

இந்தப் பகை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு துயரச் செய்தி சான்று. பழைய கம்பளித் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, மீண்டும் நூற்று நெய்யும் தொழிலுக்குப் பேர்போன ஊர் யார்க்ஷயரைச் சேர்ந்த பாட்லி. அத்தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்தவர் ஜோ காக்ஸ் அம்மையார். நம்மைப் பிரிப்பவற்றைவிட நமக்குள் பொதுவாக இருப்பவையே மிகுதி என்று தம் முதற் பேச்சிலேயே கூறியவர் அவர். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னர், 2016 ஜூன் 16-ஆம் நாள், தம் தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் அவர் கொலையுண்டார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய். ஒரு வாணிகக் கூட்டில் இருப்பதா விலகுவதா என்ற விவாதம் நடந்த நாட்களில் இது நடந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

வென்றவர் செய்ததும் தோற்றவர் செய்ததும்

வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே பிரதம மந்திரி காமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்து வந்த தெரேசா மே அம்மையார், 2017 ஜனவரியில், ஒற்றைச் சந்தையிலும் சுங்கக் கூட்டிலும் பிரிட்டன் இராது என்று முடிவு கூறினார். 52-க்கு 48 என்று நின்ற நாட்டில், அந்த 48 பேருக்கும் ஏதேனும் ஓர் இடம் வைக்கும் முடிவு அன்று. எதிர்க்கட்சியுடன் சேர்ந்து உடன்பாடு காணும் பேச்சை அவர் 2019 ஏப்ரலில்தான் தொடங்கினார். அதற்குள் அவருடைய உடன்படிக்கையைப் பார்லிமெண்டு மூன்று முறை தள்ளியிருந்தது. முதல் முறை 202-க்கு எதிராக 432 வாக்குகள். பந்தி முடிந்த பின் இலை போட்டால் யார் உட்காருவார்? ஆறு வாரத்தில் அந்தப் பேச்சும் முறிந்தது.

தோற்றவர் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. வாக்கெடுப்பின் முடிவைத் திருத்தி நல்லுருவம் கொடுப்பதைவிட, அதனை அடியோடு இல்லாமற் செய்வதிலேயே அவர்களுள் பலர் முனைந்து நின்றனர். விலகும் அறிவிப்பையே திரும்பப் பெற வேண்டும் என்ற மனுவில் 2019-இல் 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், விலகினாலும் சுங்கக் கூட்டில் நிற்கலாம் என்ற நடுவழித் தீர்மானம் பார்லிமெண்டில் வந்தது. ஆதரவு 273; எதிர்ப்பு 276. மூன்றே வாக்குகளில் அது தோற்றது. முழுதாக அறுத்துக்கொள்ள விரும்பியோர் அதனை எதிர்த்தது இயல்பு. மறுவாக்கெடுப்பு ஒன்றே வேண்டும் என்று நின்றோரிலும் சிலர் அதற்குக் கை தூக்கவில்லை என்பதே வருந்தத் தக்கது. முழு இலையும் வேண்டும் என்று நின்ற இரு தரப்பாரும் சேர்ந்து பாதி இலையைக் கிழித்தனர்.

பின் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 2019 ஜூலையில் ஜான்சன் பிரதம மந்திரியானார். பார்லிமெண்டை அவர் நிறுத்தி வைத்தது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில், இவ்விவகாரத்தை முடித்துத் தருகிறேன் என்ற ஒரே வாக்குறுதியை முன்வைத்து 80 இடப் பெரும்பான்மை பெற்றார். மக்கள் களைத்திருந்தனர். களைப்பினால் வரும் முடிவைச் சமாதானம் என்று கொள்ளலாகாது.

வென்றவர்க்கே வந்த வருத்தம்

விலகியபின், விலகுவதை ஆதரித்த தொழிலாளரே முதலில் குறைகூறத் தொடங்கினர். இது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம்.

மீனவரை எடுத்துக்கொள்வோம். தங்கள் கடல் முழுதும் தங்களுக்கே திரும்பும் என்று அவர்கள் நம்பினர். 2020 டிசம்பர் உடன்படிக்கையின்படி, ஐரோப்பியர் அதுவரை பிடித்துவந்த பங்கில் நான்கில் ஒரு பகுதி மட்டுமே, அதுவும் ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாக, திரும்பியது. 2025 மே மாதத்தில் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஐரோப்பியப் படகுகள் 2038 வரையில் அந்த நீரில் பிடிக்கலாம் என்றாயிற்று. சிப்பி வளர்ப்போர் நிலை இன்னும் மோசம். சுத்திகரிக்கப்படாத உயிர்ச் சிப்பியை வெளிநாட்டார் அனுப்பலாகாது என்ற ஐரோப்பிய விதி, தாமே வெளிநாட்டாராகிவிட்ட அவர்கள்மீது 2021-இல் வந்து விழுந்தது. அந்த விதி பழைய விதியே. உள்ளே இருந்தவரையில் அது அயலாரைத் தடுத்தது.

பயிரிடுவோர் நிலை என்ன? 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் மருத்துவச் சான்று, சுங்கப் பத்திரம், எல்லைச் சோதனை எல்லாம் உடனே தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்கு வரும் அத்தகைய சரக்குக்கான சோதனையைப் பிரிட்டிஷ் அரசாங்கம் பலமுறை தள்ளிவைத்து, 2024-இல்தான் தொடங்கியது. தம் சரக்குக்குத் தடையும் போட்டியாளர் சரக்குக்குத் திறந்த கதவுமாக மூன்று ஆண்டுகள் சென்றன. நிலத்தின் பரப்பைக் கொண்டு ஐரோப்பியக் கூட்டு அளித்துவந்த மானியமும் இங்கிலாந்தில் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனி, பத்திரங்களை எழுதவே தனி ஆள் வைத்துக்கொள்ளும். வாரம் ஒரு வண்டிப் பாலாடைக்கட்டி அனுப்பும் சிறு உற்பத்தியாளர் யாரை வைத்துக்கொள்வார்? விலகலின் செலவு எல்லார்மீதும் ஒருசேர விழுவதில்லை. சிறியவன் தோளில் அது முதலில் இறங்குகிறது.

வட அயர்லாந்தின் கதை எல்லாவற்றிலும் சிக்கலானது. 1998-ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு, அதற்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே எல்லைக் காவல் இன்றி மக்கள் போய்வந்துகொண்டிருந்தனர். குடியரசு ஐரோப்பியக் கூட்டில் நிற்க, பிரிட்டன் விலகியதால் எல்லைச் சோதனை எங்கேனும் ஓரிடத்தில் வந்தே தீர வேண்டும். அதனைத் தரையில் வையாமல் இடையிலுள்ள கடலில் வைத்தனர். ஒரே நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லும் சரக்குக்குச் சோதனை! பிரிட்டனுடன் ஒன்றியிருக்க வேண்டும் என்பதையே உயிர்க்கொள்கையாகக் கொண்டு, விலகலையும் ஆதரித்த கட்சியே இதனால் வெகுண்டது. 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் அக்கட்சி ஒத்துழையாமையினால் அம்மாகாணத்தில் மந்திரிசபையே இயங்கவில்லை.

இருக்க விரும்பியோர் வருத்தமும் ஆறவில்லை. ஐரோப்பாவில் எங்கும் சென்று வேலை செய்யலாம் என்றிருந்த உரிமை ஓர் இரவில் போய்விட்டது என்று இளைஞர் வருந்துகின்றனர். 2014-இல் ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது, பிரிந்தால் ஐரோப்பிய அங்கத்துவம் போய்விடும் என்று அச்சுறுத்தியே எங்களை நிறுத்தினீர்கள், இரண்டே ஆண்டில் நீங்களே அதனைப் போக்கினீர்கள் என்பது அந்நாட்டார் பலரின் மனக்குறை.

விலகலால் நாட்டின் உற்பத்தித் திறன் நீண்ட காலத்தில் நூற்றுக்கு 4 பங்கு குறையும் என்பது அந்நாட்டு வரவுசெலவுத் திட்டப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. இடையே பெருந்தொற்றும் யுக்ரேன் போரும் வந்தமையால், எந்த நஷ்டம் எதனால் வந்தது என்ற வாதத்துக்கும் முடிவில்லை. பயனே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தனியே உடன்படிக்கை செய்யும் அதிகாரம் திரும்பியதனால்தான் 2025 ஜூலை 24-ஆம் நாள் இந்தியாவும் பிரிட்டனும் வாணிக உடன்படிக்கையில் கையொப்பமிட முடிந்தது. அதன்படி நம் நாட்டு ஜவுளிக்கு அங்கே வரியில்லா நுழைவு வகுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் கூட்டைவிட்டு விலகுவது மற்றொருவருக்கு வாய்ப்பாவதும் உலகியற்கையே.

அண்மை ஆண்டுகளில் எடுத்த கருத்துக் கணிப்புகளில், விலகியது சரி என்போரைவிடத் தவறு என்போரே மிகுதியாக உள்ளனர். ஆயினும் மீண்டும் சேர்வோம் என்று சொல்லப் பெரிய கட்சிகள் அஞ்சுகின்றன. 2024-இல் ஆட்சிக்கு வந்த ஸ்டார்மர் அரசாங்கமும் சந்தைக்கோ சுங்கக் கூட்டுக்கோ திரும்புவதில்லை என்றே கூறி வாக்குக் கேட்டது. அதே தேர்தலில், விலகல் இயக்கத்தில் முன்னின்ற பராஜ் என்பாரின் புதிய கட்சி நூற்றுக்கு 14 வாக்குகள் பெற்றது. வென்றும் தமக்கு நீதி கிடைக்கவில்லை என்போர் தொகை எவ்வளவு என்பதை இது காட்டும்.

பெரும்பான்மை எவ்வளவு வேண்டும்?

இவ்வளவு பெரிய காரியத்தைச் சிறு வித்தியாசத்தில் முடிவு செய்தது தவறு, மூன்றில் இரு பங்கு வேண்டும் என்று விதித்திருக்கலாம் என்பார் உளர். நம் கூட்டுறவு உலகில் இந்த எண்ணம் பழக்கமானதே. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டம், சங்கத்தைப் பிரிப்பதற்கும் மற்றொன்றுடன் இணைப்பதற்கும், பொதுச்சபையில் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஒப்ப வேண்டும் என்கிறது. ஒப்பாத அங்கத்தினர் தம் பங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு செல்லவும் அது வழி வைத்திருக்கிறது.

இவ்விதி நல்லது. ஆனால், உயர்ந்த வரம்பு ஒன்றே கசப்பைத் தடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. 1979-இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது, வாக்காளர் அனைவரிலும் நூற்றுக்கு 40 பேர் ஆதரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே விதித்தனர். வாக்களித்தோரில் நூற்றுக்கு 51.6 பேர் வேண்டும் என்றனர். மொத்த வாக்காளரில் அது 33 பேருக்கும் குறைவு என்பதால் தீர்மானம் தோற்றது. பெரும்பான்மை பெற்றும் தோற்றோம் என்ற வருத்தம் 18 ஆண்டுகள் உள்ளே கனன்று, 1997-இல் நூற்றுக்கு 74 பேர் ஆதரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. குறைந்த வரம்பினால் ஓரிடத்தில் கசப்பு. உயர்ந்த வரம்பினால் வேறோரிடத்தில் கசப்பு. ஆகவே, குறை எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பது தெளிவு. என்ன முடிவு செய்கிறோம் என்பதைத் தெளிவாக வைக்காமையும், முடிவு செய்த பின் மறு தரப்பாரை நடத்தும் முறையுமே கசப்பை விளைவிக்கின்றன.

நமது சங்கங்களில்

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கம், சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாகப் பிரிந்தது. நூல் வழங்குவதில் வடக்குத் தெருவாருக்குச் சலுகை என்பது தெற்குத் தெருவாரின் குறை. அதில் உண்மையும் இருந்தது. பிரிவதா வேண்டாமா என்று பல மாதங்கள் பேசினர்; தீர்மானப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. சாயப்பட்டறை யாருக்கு என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. பிரிந்த பின் பட்டறை வடக்குத் தெருவில் நின்றுவிட்டது. தெற்குத் தெருவார் ஈர நூலை எட்டுக் கிலோமீட்டர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தனர். பிரிய வேண்டும் என்று உரக்கப் பேசியவர்களே, பிரித்துவிட்டார்கள் என்று பின்னர் குறைகூறினர். பிரிட்டனின் கதையைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தீர்மானப் புத்தகமே நினைவுக்கு வருகிறது. அளவில்தான் வேற்றுமை.

ஆதலின், நம் பொதுச்சபைகளுக்கு நான் கூற விரும்புவன மூன்று.

முதலாவது, பிரிவது, இணைவது, மத்திய சங்கத்திலிருந்து விலகுவது போன்ற தீர்மானம் வருமானால், "விலகலாமா?" என்று மட்டும் வாக்கெடுக்கலாகாது. விலகியபின் நூல் எங்கிருந்து வரும், விளைச்சலை யார் கொள்முதல் செய்வார், கிடங்கும் பட்டறையும் கடனும் யார் பொறுப்பு என்ற திட்டத்தையும் சேர்த்து எழுதி, அதன்மீதே வாக்கெடுக்க வேண்டும். திட்டம் தீட்ட ஒரு மாதம் ஆகுமெனில், வாக்கெடுப்பை ஒரு மாதம் தள்ளிவைப்பதனால் குடி முழுகிவிடாது.

இரண்டாவது, வென்ற தரப்பார் முடிவை நிறைவேற்ற அமைக்கும் உபகமிட்டியில் தோற்ற தரப்பாருக்கும் இடம் அளிக்க வேண்டும். கணக்கும் கடிதமும் அவர்கள் கண்முன் நடக்கட்டும். தம் கை பட்ட வேலையை எவரும் எளிதில் சூழ்ச்சி என்று சொல்லார். இதனைத் தருமமாகச் செய்ய வேண்டியதில்லை. நாளை அடுத்த தறியில் உட்கார்ந்து நெய்யப் போகிறவர் அவரே என்பதை எண்ணிச் செய்தால் போதும்.

மூன்றாவது, தோற்ற தரப்பார் அந்த இடத்தை மறுக்கலாகாது. முடிவு தவறென்று எண்ணினால் அதனைக் குறிப்பேட்டில் எழுதுவிக்கும் உரிமை உண்டு. உரிய காலத்தில் மறுபரிசீலனை கேட்கும் உரிமையும் உண்டு. அதுவரையில் கமிட்டியில் உட்கார்ந்து, வரும் நஷ்டத்தைக் குறைப்பதே அங்கத்தினர் கடமை. தாம் சொன்னபடி சங்கம் கெட்டுப்போயிற்று என்று காட்டுவதற்காக அது கெடுவதைப் பார்த்திருப்பவர், தம் பங்குத் தொகையையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார்.

இவற்றை எல்லாம் செய்தாலும் மனத்தாங்கல் அறவே வாராது என்று நான் உறுதி கூறேன். நூற்றைம்பது பேர் உள்ள சங்கத்தில் ஒருவர்கூட வருந்தாத முடிவை நான் இன்னும் கண்டதில்லை. ஆயின், வருத்தம் வேறு; வஞ்சிக்கப்பட்டோம் என்ற எண்ணம் வேறு. முன்னது நாளடைவில் ஆறும். பின்னது பிள்ளைகளுக்கும் சொத்தாக இறங்கும். பிரிட்டனில் இன்று இரு தரப்பாரும் தாம் வஞ்சிக்கப்பட்டதாகவே எண்ணுகின்றனர் என்பதுதான் அங்கே நேர்ந்த பெருநஷ்டம்.

வரும் மாதங்களில் நம் சங்கங்கள் பலவற்றில் ஆண்டுப் பொதுச்சபை கூடவிருக்கிறது. அபிப்பிராய பேதம் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். கை தூக்கி எண்ணுவதற்கு முன் எதன்மீது கை தூக்குகிறோம் என்பதைத் தெளிவாக எழுதி, எல்லாரும் கேட்கும்படி ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணி முடித்தபின், கை தூக்காதவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நாளைக்கும் சங்கத்தை நடத்த அவர்களும் வேண்டும்.